ஒரு தடவைதான் கேட்டாள்

டீலியா வந்திறங்கிய அன்று மழை இல்லை. செப்டம்பர் கடைசியில் எங்கள் கடலோர ஊரான கில்பரோனில் மழை இல்லாத பகல் என்பது சொல்லிக்கொள்ளும்படியான விஷயம்தான். கடற்கரைச் சாலையில் ஐஸ்கிரீம் கடைக்குப் பலகை அடித்துவிட்டார்கள். கேரவன் மைதானத்தில் மூன்றே வண்டிகள் நின்றன, அதில் ஒன்றில் மட்டும்தான் ஆள் இருந்தார்கள். என் விடுதியில் ஆறு அறை. ஆறிலும் போர்வைகளை உதறி மடித்து மெத்தையைச் சுவரோடு சாய்த்து வைத்தாகிவிட்டது. அவளுக்காக ஒன்றை மட்டும் திரும்ப விரித்தேன், கடலைப் பார்த்த அறை.

நானும் டீலியாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பத்தொன்பது வயதில் பாஸ்டனுக்குக் கப்பலேறியவள். நாற்பத்தொன்பது வருஷம் ஆகிறது. நடுவில் ஒரே தடவை, அவள் அம்மா செத்தபோது மூன்று நாள் வந்து போனாள். போன பிப்ரவரியில் அவள் அக்கா ப்ரைடி செத்ததற்கு வர முடியவில்லை, அங்கே புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏப்ரலில் அவரும் போய்விட்டார். மிச்சம் இருப்பது அண்ணன் மலாக்கி ஒருவன்தான். எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவன். ப்ரைடியும் அவனுமாகத்தான் வடக்கு முனை வீட்டில் இருந்தார்கள். இப்போது அவன் மட்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்க்க மலாக்கி சதுக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "வந்துட்டியா" என்றான். "வந்துட்டேன்" என்றாள். பெட்டியை என் வாசல்வரை தூக்கி வந்து வைத்துவிட்டு, மாட்டைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டான். அவனிடம் மாடு இல்லாமல் ஆறு வருஷம் ஆகிறது.

நான் அவளை அடுப்படிக்குக் கூட்டிப் போய் டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"குடிக்கிறேன். பால் ஊத்து, சர்க்கரை வேண்டாம்" என்றாள்.

எனக்கு ஒரு நொடி கை ஓடவில்லை. எங்கள் ஊரில் கேட்ட மாத்திரத்தில் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை. முதல் தடவை கேட்பது ஒரு பேச்சுக்கு. "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சேன்" என்பார்கள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் பட்டிருக்காது. இரண்டாவது தடவை கேட்டால் "உனக்கெதுக்குச் சிரமம்" என்று கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்வார்கள். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் அது கேள்வி. "சரி, வற்புறுத்தற, அரை கப்" என்பார்கள். அரை கப் என்றால் இரண்டு கப்பும், ரொட்டியும், வெண்ணெயும், இருக்கிற கேக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கிறோமா என்ன. டீலியாவோ நேராகக் கையை நீட்டினாள். பாஸ்டனில் முதல் தடவையே எடுத்துக்கொள்ளாவிட்டால் கப்பைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்களாம்.

டீயைக் குடித்தபடியே அவள் விஷயத்தைச் சொன்னாள். கோடையிலேயே மலாக்கிக்குக் கடிதம் போட்டாளாம், வீட்டிலேயே வந்து தங்கட்டுமா என்று. வீடு ஈரம், பிலோமினா விடுதியில், அதாவது என் விடுதியில், வெந்நீர் வரும், அங்கே உனக்கு வசதி என்று பதில் எழுதிவிட்டானாம்.

"அவனுக்கு நான் வீட்டுல தங்கறது பிடிக்கல பில். ஒத்தையா இருந்து பழகிட்டான்" என்றாள்.

நான் அவள் கப்பில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். ஆகஸ்ட் மாதம் என்னிஸ் நகரத்திலிருந்து மரச்சாமான் வண்டி ஒன்று வந்து, சந்து தெரியாமல் என் வாசலில் நின்று வழி கேட்டது. உள்ளே ஒரு புது மெத்தை இருந்தது. மலாக்கிக்கு என்றார்கள். அந்த வாரமே அவன் மேல்சட்டையெல்லாம் மஞ்சள் பெயிண்ட் துளிகளோடு கடைக்கு வந்ததையும் பார்த்தேன். கூடப் பிறந்தவர்களுக்கு நடுவில் மூன்றாம் மனுஷிக்கு என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன். அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதில் என் சங்கதி ஒன்றும் உண்டு. என் வீட்டுக்காரர் ஃபின்டன் போய்ப் பதினோரு வருஷம். பையன்கள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். ப்ரைடியை அடக்கம் பண்ணின மறு ஞாயிறு மலாக்கியை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். முறையாக மூன்று தடவை கேட்டேன், வந்தான். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணிக்கு வாசலில் பூட்ஸைத் துடைக்கும் சத்தம் கேட்கும். தொப்பியை ஆணியில் மாட்டுவான். உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகத் தோலுரித்துத் தட்டின் ஓரத்தில் அடுக்குவான். கடல் எப்போது வற்றும், காற்று எந்தப் பக்கம் என்று நாலு வார்த்தை பேசுவான். மூன்று மணிக்குப் போய்விடுவான். அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை என் வீட்டுப் படியேற அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது. சனிக்கிழமை காலையிலேயே எனக்கு மனசு லேசாகிவிடும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

அடுத்த இரண்டு நாள் டீலியாவைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றினேன். மலாக்கி வரவில்லை, உங்களுக்குள் பேச ஆயிரம் இருக்கும் என்று சொல்லிவிட்டான். நாங்கள் படித்த பள்ளிக்கூடம் இப்போது டப்ளின்காரர் ஒருவரின் விடுமுறை வீடு. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. நாங்கள் ஆடின நடனக் கூடத்தில் டயர் விற்கிறார்கள். ப்ரைடியின் கல்லறையில் மண் இன்னும் முழுசாக அமரவில்லை, மேலே கண்ணாடிக் கூட்டுக்குள் பிளாஸ்டிக் பூ. டீலியா கையுறையைக் கழற்றிவிட்டுக் கல்லில் பதித்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். கீழே இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டு வெட்டியிருந்தார்கள்.

வடக்குச் சாலையில் போகும்போது வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். பதினாலு வீடு.

"இதுல எத்தனையில குளிர்காலத்துல விளக்கு எரியும்?"

"மூணு. மலாக்கியோடதைச் சேத்து" என்றேன்.

அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்டனில் அவள் இருக்கிற கட்டடத்தில் எண்பது வீடாம், எண்பதிலும் விளக்கு எரியுமாம். லிஃப்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லையாம். மகள் நாட்டின் மறுகோடியில் ஆரிகானில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். நாள் முழுக்க டெலிபோன் அடிக்கிறது, எடுத்தால் எதையாவது விற்கிறவனாக இருக்கிறான் என்றாள்.

புதன்கிழமை ஊர்க்காரி ஹானா கியோ என் விடுதிக்கு டீலியாவைப் பார்க்க வந்தாள். நான் மாடியில் இருந்தேன், டீலியாதான் டீ போட்டாள். நான் சுட்ட ஆப்பிள் கேக்கை வெட்டி வைத்து, சாப்பிடுகிறாயா என்று ஹானாவைக் கேட்டிருக்கிறாள். ஹானா வழக்கப்படி வேண்டாம் என்றிருக்கிறாள். டீலியா உடனே தட்டை எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். நான் இறங்கி வந்தபோது ஹானா ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழையில் ஒரு மைல் நடந்து வந்தவளைக் கை நனைக்காமல் அனுப்பியாயிற்று. ஹானா போனபிறகு நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். அன்று கடல் வெகுதூரம் உள்வாங்கும். மலாக்கி டில்லிஸ்க் பறிக்கப் போகிற நாள். டில்லிஸ்க் என்பது பாறையில் முளைக்கிற சிவப்புக் கடற்பாசி. காயவைத்தால் கருஞ்சிவப்புத் தோல் மாதிரி ஆகும், வாயில் போட்டு மென்றால் உப்பும் இரும்புமாக ஒரு ருசி. கோடையில் கடற்கரைச் சாலையில் சின்ன மேசை போட்டு அதையும் வேகவைத்த கடல் நத்தையையும் காகிதப் பையில் கட்டிக் கொடுப்பான். வெளியூர்க்காரர்கள் ஒரு இலையைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் பை பையாக வாங்கி வைத்துக்கொள்வோம்.

நானும் டீலியாவும் மேலே குட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று காதை அறுத்தது. மலாக்கி முழங்கால்வரை ரப்பர் பூட்ஸில், சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, வழுக்குப் பாறையில் குனிந்து குனிந்து பறித்தான். கத்தி வைக்கக் கூடாது. விரலில் சுற்றி ஒரு திருகு திருகி இழுக்க வேண்டும், வேர் பாறையிலேயே நிற்க வேண்டும், அப்போதுதான் மறுபடி தழைக்கும். கடல் திரும்பி வருவதற்குள் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் பறித்து, நனைந்த சாக்கை மேலே சுமந்து வந்து, முனைப் புல்லில் விரித்தாக வேண்டும். விரித்தபின் இரண்டு நாள் மழை வராமலிருக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் நாலு தடவை அந்தப் பாறைப் படி ஏறி இறங்கினான். ஐந்தாவது தடவை பாதியில் நின்று பாறையில் கையை ஊன்றிக்கொண்டான்.

டீலியா பாதணியைக் கழற்றினாள். என்னடி பண்ணுகிறாய் என்று கேட்டேன், காதில் வாங்கவில்லை. காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்துவிட்டு, பாஸ்டன் கோட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். முதலில் பூனை மாதிரி காலை உதறினாள். பிறகு குனிந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்துப் பக்கத்துப் பாறையில் பறித்தார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபிறகுதான் ஏறினார்கள். சாக்கை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி வந்தார்கள். மலாக்கி அவள் விரல்களைப் பார்த்தான். வெளுத்து, திருகிப் பிடித்த நிலையிலேயே விறைத்திருந்தன.

"கை மறக்கல" என்றான். அவ்வளவுதான்.

அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் அடுப்பில், சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அடுக்கினான். நான் போகவில்லை, அவர்களாக இருக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் டீலியா முட்டையைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முனையில் மலாக்கி வீட்டுப் புகை தெரிந்தது. என்னவென்று கேட்டேன்.

"நேத்து அவன்கிட்ட கேட்டேன். ப்ரைடியோட அறையில நான் இருந்துக்கறேனே, பாஸ்டனுக்குப் போகலேனு."

"லீவுக்கா?"

"இல்லடி. ஒரேயடியா. அதுக்குத்தான் வந்தேன். அங்க வீட்டைக்கூட இந்த மாசத்தோட விடறதா சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஐயோ வேண்டாம், உனக்கு எதுக்கு இந்தக் குளிரு, ஈரம்னுட்டான். முகத்தைக்கூடப் பாக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எந்திரிச்சுப் போய்க் கெட்டில்ல தண்ணி ஊத்தினான். நானும் பேச்சை மாத்திட்டேன்."

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் விளங்கும். அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அவன் முதல் தடவைக்கான பதிலைச் சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் கெட்டிலோடு நின்று, இரண்டாவது தடவைக்காகக் காத்திருக்கிறான். கடிதத்திலும் அதேதான் நடந்திருக்கிறது.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொன்னது வேறு.

"ஆம்பளைங்க ஒத்தையா இருந்து பழகிட்டா அப்படித்தான் டீலியா" என்றேன். "அவங்களை மாத்த முடியாது."

சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் அங்கே இருந்தால் அவன் ஞாயிற்றுக்கிழமை எதற்கு இங்கே வரப்போகிறான். அதைத்தான் நினைத்தேன். அறுபத்தெட்டு வயதில், தினமும் செபமாலை சொல்கிறவள், கூடப்படித்தவளின் வாழ்க்கையை ஒரு தட்டு உருளைக்கிழங்குக்கு விற்றேன் என்றால் விற்றேன்தான்.

சனிக்கிழமை மனசு கேட்காமல் சோடா ரொட்டி ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு வடக்கு முனைக்குப் போனேன். மலாக்கி புல்லில் விரித்த டில்லிஸ்கைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நானும் குனிந்து அள்ளினேன், முதல் தூறலுக்கு முன்னால் கொட்டகையில் சேர்த்துவிட்டோம். பிறகு ரொட்டியை அடுப்படியில் வைக்கப் போனேன். ப்ரைடி அறைக் கதவு திறந்திருந்தது. சுவர் இளமஞ்சள் நிறத்தில் புதுசாக இருந்தது. கட்டிலில் புது மெத்தை, மேலே இஸ்திரி போட்ட விரிப்பு, தலைமாட்டில் வெந்நீர்ப் பை. அவன் இஸ்திரி போட்டது, ஒரு மடிப்பு கோணலாக இருந்தது.

நான் பார்த்ததை அவன் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மழைத் துளியை உதறினான்.

"அவ கேட்டாளாமே" என்றேன்.

"கேட்டா. ஒரு தடவை. ஒரு பேச்சுக்கு."

"நிஜமாவே கேட்டிருந்தா?"

"நிஜமாக் கேக்கறவ திரும்பக் கேக்க மாட்டாளா பிலோமினா? நான் கெட்டிலை வச்சுட்டு நின்னேன். தண்ணி கொதிக்கற வரைக்கும் நின்னேன். அவ அமெரிக்காவுல ரொட்டி என்ன விலைனு பேச ஆரம்பிச்சுட்டா."

"நீயாவது இருனு சொல்லக் கூடாதா?"

அவன் என்னை ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"அவளை எப்படிக் கேக்கறது? நான் வாயைத் திறந்து கேட்டுட்டா அவளால இல்லேனு சொல்ல முடியுமா, பாவம். அங்க சுவரெல்லாம் சூடு ஓடுமாம். அதை விட்டுட்டு என்கூட உக்காந்து இருமணுமா." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு ஒரு மணிக்கு வரேன். உனக்குச் சிரமமில்லேனா" என்றான்.

சிரமம் இல்லை என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் கொடுமை. மழையில் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் அந்தக் கோணல் மடிப்பே கண்ணில் நின்றது.

ஞாயிறு மத்தியானம் டீலியாவுக்குத் திரும்பும் விமானம், காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். ஷானன் விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, கிளம்பும் முன்னாலேயே உருளைக்கிழங்கைச் சீவித் தண்ணீரில் போட்டுவைத்தேன். மலாக்கி என் வாசல் சுவரோடு நின்றிருந்தான். நல்ல கோட்டு போட்டிருந்தான். கார் ஜன்னல் வழியாக ஒரு காகிதப் பையை நீட்டினான்.

"வழியில மெல்றதுக்கு" என்றான்.

"நல்லா இரு" என்றாள்.

"நீயும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பத்து மைல் தாண்டியபிறகுதான் டீலியா பையைப் பிரித்தாள். கார் முழுக்கக் கடல் நாற்றம் அடித்தது. ஒரு இலையை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே அழுதாள். நான் கார்க் கண்ணாடித் துடைப்பானை வேகமாகப் போட்டேன், அவ்வளவு மழைகூட இல்லை.

என்னிஸுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். டீயும் ஆளுக்கொரு ஸ்கோன் ரொட்டியும் வாங்கினோம். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அவள் பாதியைத் தின்றுவிட்டு வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு வாங்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்."

"சூடா இருக்கு. வாங்கறேனே."

"வேண்டாம்டி."

"ஒண்ணே ஒண்ணு. விமானத்துல என்னத்தைக் குடுக்கப்போறான்."

அவள் ஈரக் கண்ணோடு சிரித்தாள். "உனக்கு என்னடி வந்துச்சு? மூணு தடவை கேக்கற. எனக்கு முதல் தடவையே காது கேட்டுது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கப்பைக் கீழே வைத்தேன்.

"நீ அவன்கிட்ட எத்தனை தடவை கேட்ட?"

"எதை?"

"இருந்துக்கறேனு."

"ஒரு தடவை. எத்தனை தடவை கேப்பாங்க?"

"உங்கம்மா சர்ச் ஃபாதர் வந்தா டீ குடிக்கச் சொல்லி எத்தனை தடவை கேப்பா டீலியா?"

அவள் என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த ரொட்டித் துண்டு தட்டில் விழுந்தது.

"அந்த அறைக்கு அவன் ஆகஸ்டுலயே பெயிண்ட் அடிச்சுட்டான்" என்றேன். "புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கான். விரிப்புக்கு இஸ்திரி போட்டிருக்கான். நீ திரும்பக் கேப்பேனு கெட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லல?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஞாயித்துக்கிழமை அவன் என் வீட்டுல சாப்பிடுவான்" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து காரில் போய் உட்கார்ந்தாள். நான் வண்டியைத் திருப்பினேன். திரும்பி வரும் வழியெல்லாம் டில்லிஸ்க் பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மலாக்கி நல்ல கோட்டைக்கூடக் கழற்றாமல் தன் வீட்டு அடுப்படி மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒன்றும் இல்லை, கப்கூட இல்லை. கார் சத்தம் கேட்டு எழுந்தவன் அவளைப் பார்த்ததும் பாஸ்போர்ட்டை மறந்துவிட்டாயா என்று கேட்டான். நான் பெட்டியோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

"மலாக்கி, நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"உனக்கு எதுக்குடா கண்ணு" என்றான். "இந்த வீட்டுல ஜனவரில நீ விறைச்சுப் போயிடுவ."

"விறைச்சாப் போறேன். இருந்துக்கட்டுமா?"

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவளை முழுசாக நிமிர்ந்து பார்த்தான். நாற்பத்தொன்பது வருஷத்தில் அவன் யார் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான்.

"உனக்குச் சிரமமில்லேனா" என்றான்.

பிறகு கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனவன், குழாயைத் திறக்காமல் வெறும் கெட்டிலை அடுப்பில் வைத்தான். டீலியா அதை எடுத்து நிரப்பி வைத்தாள். டீ குடிக்கிறாயா என்று இரண்டு பேருமே என்னைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை, அதில் எனக்குக் கோபமும் இல்லை. பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம். சீவி வைத்த கிழங்கு தண்ணீரில் கிடந்தது.

அக்டோபர் வந்தது. கேரவன் மைதானத்தில் இருந்த கடைசி வண்டியும் போயிற்று. அறைகளையெல்லாம் பூட்டிவிட்டு அடுப்படியிலும் அதை ஒட்டிய சின்ன அறையிலுமாக என் குளிர்காலத்தை ஆரம்பித்தேன். முதல் ஞாயிறு ஒரு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டதுபோலிருந்தது, காற்றுதான். இரண்டாவது ஞாயிறு சர்ச் பூசையில் இரண்டு பேரையும் பார்த்தேன். டீலியா ப்ரைடியின் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தாள், மலாக்கிக்கு முடி வெட்டியிருந்தது. அவர்களைச் சாப்பிடக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். புதுசாகக் குடித்தனம் வைத்திருக்கிறவள், தன் அடுப்பில் தானே சமைக்க ஆசைப்படுவாள் என்று விட்டுவிட்டேன். நிஜம் என்னவென்றால், அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பெட்ரோல் பங்கில் அவள் திட்டாமல் விட்டது முள்ளாக உறுத்தியது.

மூன்றாவது ஞாயிறு காலையிலிருந்தே புயல் காற்று. அலை சாலைவரை வந்து கல்லை வாரிப் போட்டது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் முனை தெரியவில்லை, புகையும் தெரியவில்லை. அவர்கள் கூப்பிடுவார்கள் என்று எந்த வாக்கும் இல்லை. ஆனாலும் பூசைக்குப் போட்ட நல்ல கோட்டைக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்கு டெலிபோன் அடித்தது.

"பில், நான்தான் டீலியா. சாப்பிட வாயேன். மலாக்கி பெரிய துண்டு பன்றிக்கறி வாங்கிட்டு வந்துட்டான், முட்டைக்கோசும் வேகுது. ரெண்டு பேரால தின்னு முடியாது."

கோபம் எதுவும் குரலில் இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வருகிறேன் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். இந்த ஊரில் பிறந்த வாய், அது வேறு எதைச் சொல்லும்.

"ஐயோ வேண்டாம்" என்றேன். "உங்களுக்கு எதுக்குச் சிரமம். நானும் அடுப்புல வச்சுட்டேன்."

"அப்படியா? சரி அப்போ, இன்னொரு நாள் பாக்கலாம். உடம்பைப் பாத்துக்கோ" என்றாள் டீலியா. மலாக்கி கரிமண் எடுக்க வெளியே போயிருக்க வேண்டும், பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவன் உள்ளே வருவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. ரிசீவரை வைத்துவிட்டு, நாற்காலியை டெலிபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கோட்டோடு உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறது.